கறிக்கோழித் தீவனத்தில் புழுத்தூள்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

நாட்டுக்கோழி வளர்த்த வீட்டுக்காரர்களுக்குக் கறையான் பானையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விளிம்பு உடைந்த மண்பானை ஒன்றில் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு, ஓலைத் துண்டு என்று கிடைத்ததை அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்போம். மறுநாள் காலையில் பானையைத் தூக்கி வந்து தட்டினால் பொலபொலவென்று கறையான் கொட்டும். தாய்க்கோழி கூப்பிடும் முன்பே குஞ்சுகள் ஓடி வந்துவிடும். கறையான் தின்று வளர்ந்த குஞ்சுக்கும் வெறும் நொய் தின்று வளர்ந்த குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தூக்கினாலே தெரியும். காரணம் புரதம்.

அந்தப் பானை வேலையைத்தான் இன்று ஷெட் போட்டு, தட்டு அடுக்கிப் பெரிய அளவில் செய்கிறார்கள். கறையானுக்குப் பதில் கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. சுருக்கமாக பி.எஸ்.எஃப். புழு. இதைக் காயவைத்து அரைத்த தூளைக் கறிக்கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்குக்கும் கருவாட்டுத் தூளுக்கும் மாற்றாகச் சேர்க்கலாம் என்ற பேச்சு பண்ணையாளர்களிடம் அடிபடுகிறது. கைப்பேசியில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் தீவனச் செலவு பாதியாகிவிடும் என்று தோன்றும். பாதியாகாது. அதற்காக ஒதுக்கித் தள்ளவும் முடியாது. இதில் எவ்வளவு உண்மை, யாருக்குப் பயன், எங்கே கையைச் சுடும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சோயா படுத்திய பாடு

கறிக்கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் சுமார் 65 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. அந்தத் தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளம். அடுத்தது சோயாப் புண்ணாக்கு. கோழிக்குத் தேவையான புரதத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374 தரத்தின்படி குஞ்சுக்கான முதல் தீவனத்தில் 23 சதவீதம், அடுத்த கட்டத்தில் 22, கடைசித் தீவனத்தில் 20 சதவீதம் புரதம் வேண்டும். சோயா இல்லாமல் இந்த அளவைத் தொடுவது கடினம்.

2021-ஐப் பண்ணைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு சோயாப் புண்ணாக்கு விலை சில மாதங்களுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியது. சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்த்த சிறு பண்ணையாளர்கள் பலர் ஷெட்டைக் காலியாகப் போட்டார்கள். மரபணு மாற்றுப் பொருள் என்று அதுவரை தடுத்து வைத்திருந்த சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்துகொள்ள அந்த ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே பொருளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

கருவாட்டுத் தூளின் கதை வேறு. சத்து நல்லதுதான். ஆனால் மூட்டைக்குள் எவ்வளவு மணல், எவ்வளவு உப்பு, புரதக் கணக்கைக் கூட்டிக் காட்ட எவ்வளவு யூரியா என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் புழு உள்ளே வருகிறது. ஐரோப்பாவில் மாட்டுப் பித்த நோய் பரவிய பிறகு, விலங்குகளிலிருந்து எடுத்த புரதத்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்க 2001 முதல் தடை இருந்தது. பூச்சிப் புரதத்துக்கு மட்டும் அதைத் தளர்த்தி, 2017-இல் மீன் தீவனத்துக்கும், 2021 செப்டம்பரில் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனையும் உண்டு. சாணம், ஓட்டல் எச்சில், சமையலறைக் கழிவு ஆகியவற்றில் வளர்த்த புழுவுக்கு அங்கே அனுமதி இல்லை. இது ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம், நமக்கும் அது முக்கியம்.

இது எந்த ஈ?

சாப்பாட்டில் வந்து உட்காரும் வீட்டு ஈ வேறு, இது வேறு. கருப்பாக, ஒல்லியாக, குளவி மாதிரி இருக்கும். கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈ இரை தேடி நம் சமையலறைக்கு வருவதில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு வாரம் போல உயிரோடு இருந்து, இனம் சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் ஈ 500-க்கும் மேல் முட்டையிடும். அழுகும் பொருளுக்குள் இடாமல், அதன் பக்கத்தில் உள்ள காய்ந்த இடுக்கில்தான் இடும். அதனால்தான் வளர்ப்பவர்கள் சிறு மரப்பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி வைத்து முட்டை எடுக்கிறார்கள்.

முட்டை 4 நாளில் பொரியும். பிறகு இரண்டு முதல் மூன்று வாரம் புழு தின்றுகொண்டே இருக்கும். வாழ்நாள் முழுமைக்கும் தேவையான கொழுப்பையும் புரதத்தையும் இந்தப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்ளும். வெளிர் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும்போதே அறுவடை செய்துவிட வேண்டும். கருத்துப்போனால் தோல் தடித்துவிடும், கோழிக்குச் செரிக்காத பகுதி கூடிவிடும்.

முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தப் புழுவை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கூண்டுக்கு அடியில் எச்சக் குவியலுக்குள் தட்டையாக, கருமையாக நெளியுமே, பல இடங்களில் அது இதுதான். அதை அள்ளிக் கறிக்கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். கோழி எச்சத்தில் வளர்ந்த புழுவைக் கோழிக்கே கொடுத்தால் நோய்க் கிருமிக்கு நாமே பாலம் போட்ட மாதிரி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கறிக்கோழி ஷெட்டில் லிட்டருக்கு அடியில் ஓடும் சின்னக் கருவண்டும் அதன் மஞ்சள் புழுவும் இந்த ஈயின் வகை இல்லை. அது சால்மோனெல்லா போன்ற கிருமிகளை ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குக் கடத்தும் பூச்சி. வேடிக்கை என்னவென்றால், அதே வண்டினத்தைச் சுத்தமான தவிட்டில் வளர்த்தால் தீவனமாக்கலாம் என்று ஐரோப்பிய அனுமதிப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பூச்சி எது என்பதைவிட அது எங்கே வளர்ந்தது, எதைத் தின்றது என்பதுதான் பெரிய கேள்வி.

42 என்று எழுதியிருந்தால் 42 இல்லை

காய்ந்த பி.எஸ்.எஃப். புழுத்தூளில் பொதுவாக 40 முதல் 45 சதவீதம் புரதம், 25 முதல் 35 சதவீதம் கொழுப்பு என்று சொல்வார்கள். எண்ணெய் பிழிந்து எடுத்த தூளில் புரதம் 55 சதவீதத்தைத் தாண்டும். சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 46 சதவீதம். அப்படியானால் கிலோவுக்குக் கிலோ மாற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். எல்லாத் தீவனப் பொருளுக்கும் இதுவே வழக்கம். ஆனால் புழுவின் தோலில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. இறால் ஓட்டில் இருப்பதும் இதுதான். அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் இல்லை. இதைக் கழித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பி.எஸ்.எஃப். புழுவுக்குப் பெருக்கும் எண் 4.76 என்று கண்டார்கள். சீட்டில் 42 என்று இருந்தால் உண்மையான புரதம் 32 பக்கம்தான்.

ஆகவே மொத்தப் புரத எண்ணை வைத்துத் தீவனம் கலக்க வேண்டாம். லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைப் பாருங்கள். கோழியின் மார்புக் கறி இவற்றை நம்பித்தான் வளர்கிறது. புழுத்தூளில் லைசின் 2.4 சதவீதம் போல இருக்கும், சோயாப் புண்ணாக்கில் 2.7-க்கு மேல். மெத்தியோனின் புழுவில் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலை நம்பி, வழக்கமாகச் சேர்க்கும் மெத்தியோனின் தூளை நிறுத்திவிடக் கூடாது.

கைட்டினைக் கோழியால் செரிக்கவே முடியாது என்பதும் சரியில்லை. அதை உடைக்கும் நொதி கோழியின் இரைப்பையில் சுரக்கிறது. பூச்சி தின்று பழகிய பறவை இனம்தானே. ஆனால் அளவு மீறினால் அந்த நொதிக்குத் தாங்காது.

இன்னொன்று சுண்ணாம்புச் சத்து. இந்தப் புழுவின் தோலில் சுண்ணாம்பு ஏராளம், தூளில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்கும். தீவனத்தில் 5 சதவீதம் புழுத்தூள் சேர்த்தாலே கால்சியம் 0.3 சதவீதம் கூடிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் வழக்கம்போலக் கல் சுண்ணாம்புத் தூளைப் போட்டால் குஞ்சுகளுக்குக் கால் பிரச்சினையும் எச்சம் இளகுவதும் வரலாம். ஒரு டன் தீவனத்துக்கு 7, 8 கிலோ கல் சுண்ணாம்பைக் குறைக்க வேண்டியிருக்கும். சரியான அளவை உங்கள் தூளைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். புழு தின்ற பொருளைப் பொறுத்து இந்த எண் நிறைய மாறும்.

எவ்வளவு கலக்கலாம்?

இத்தாலியில் தூரின் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாக உதவும். 256 ஆண் கறிக்கோழிக் குஞ்சுகளைப் பிரித்து, எண்ணெய் ஓரளவு நீக்கிய புழுத்தூளை 0, 5, 10, 15 சதவீதம் என்று கலந்து கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் 10 சதவீதம் வரை கொடுத்த குஞ்சுகள் நன்றாக எடை ஏறின. 15 சதவீதத்தில் தீவன மாற்றுத் திறன் கெட்டது, குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் குட்டையாகின. கோழி தின்னத்தான் செய்தது, தின்றது உடம்பில் ஒட்டவில்லை.

அந்த ஆய்வு, ஒரே தரமான தூளில், ஆய்வுக்கூடத்துக் கவனிப்பில் நடந்தது. நம் ஊரில் கிடைக்கும் தூள் பேட்சுக்குப் பேட்ச் மாறும். அதனால் 10 வரை போகலாம் என்று படித்தாலும் 5 சதவீதத்தில் நில்லுங்கள் என்பேன். அதையும் முதல் 10 நாள் கழித்து ஆரம்பியுங்கள். பிஞ்சுக் குஞ்சை வைத்துப் பரீட்சை வேண்டாம்.

எண்ணெய் எடுக்காத தூளில் கொழுப்பு அதிகம் என்பதால் எரிசக்தியும் அதிகம். தீவனத்தில் ஊற்றும் எண்ணெயைக் குறைக்கலாம். அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி லாரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் இருப்பதேதான். அளவு கூடினால் கறியில் உள்ள கொழுப்பும் அந்தப் பக்கம் சாயும். 5 சதவீதத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு: கொழுப்புள்ள தூள் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். மூட்டையைத் திறந்ததும் பழைய எண்ணெய் நாற்றம் வந்தால் அது தீவனத்துக்கு ஆகாது.

ஒப்பந்தப் பண்ணைக்காரர்கள் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும். ஷெட்டும் கரண்டும் உழைப்பும் உங்களுடையது. உங்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன்: நீங்கள் சொந்தமாகப் புழுத்தூள் கலக்கப் போகாதீர்கள். ஒப்பந்தங்களில் வெளித் தீவனத்துக்குப் பொதுவாக இடமில்லை. எடையில் ஏதாவது குறைந்தால் பழி முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

உங்களுக்கு இதில் வேறு ஒரு அக்கறை இருக்க வேண்டும். நாளைக்கு நிறுவனமே தீவனத்தில் மூலப்பொருளை மாற்றலாம். புழுத்தூள் சேர்க்கலாம், அரிசி அல்லது மக்காச்சோளத்தில் எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் டி.டி.ஜி.எஸ். சேர்க்கலாம். உங்கள் வளர்ப்புக் கூலி தீவன மாற்றுத் திறன் கணக்கில் ஏறி இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு லோடு தீவனம் இறங்கும்போதும் நான்கைந்து மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரு கிலோ மாதிரியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, தேதியும் பேட்ச் எண்ணும் எழுதிப் பேட்ச் விற்றுக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். எடை விழுந்தால் பேசுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

ஆயிரம் கோழிக்கு ஒரு கணக்கு

இனி, சொந்தமாகக் குஞ்சு வாங்கி, சொந்தமாகத் தீவனம் அரைத்து வளர்ப்பவர்களுக்கு. ஆயிரம் கோழி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழி 2 கிலோ எடைக்கு வர 3.3 கிலோ தீவனம் தின்றால் மொத்தம் 3,300 கிலோ. அதில் 5 சதவீதம் என்பது 165 கிலோ புழுத்தூள்.

மூன்று கிலோ பச்சைப் புழுவைக் காயவைத்தால் ஒரு கிலோ கிடைக்கும். ஆக 500 கிலோ பச்சைப் புழு வேண்டும். நன்றாகப் பராமரித்தால் 5 கிலோ ஈரக் கழிவுக்கு ஒரு கிலோ புழு தேறும். வெறும் முட்டைக்கோஸ் இலையும் தர்பூசணித் தோலுமாக இருந்தால் இன்னும் குறையும், அதில் இருப்பது தண்ணீர்தான். நல்ல கணக்கிலேயே 2,500 கிலோ கழிவு தேவை. 40 நாளுக்குப் பிரித்தால் தினமும் 60 கிலோவுக்கு மேல்.

15 கிலோ கழிவு பிடிக்கும் தட்டு ஒன்றில் 5 நாள் வயதுக் குட்டிப் புழு 10,000 விட்டால் 12 நாளில் 3 கிலோ பக்கம் அறுவடையாகும். 40 நாளில் மூன்று முறை எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் 56 தட்டு வேண்டும்.

வரவு என்ன? 165 கிலோ புழுத்தூள், லைசின் கணக்கில் சுமார் 145 கிலோ சோயாப் புண்ணாக்கை மிச்சப்படுத்தும். கொழுப்பினால் 25 முதல் 30 கிலோ எண்ணெயும் மிச்சம். சோயாப் புண்ணாக்கு கிலோ 45 ரூபாய், எண்ணெய் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 6,500-ம் 3,000-ம் சேர்ந்து 9,500 ரூபாய். கோழிக்கு 9 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோ புழுத்தூளின் தீவன மதிப்பு 57, 58 ரூபாய். இதைவிட அதிக விலைக்குத் தூளை வெளியில் வாங்கிக் கறிக்கோழிக்குப் போட்டால் நஷ்டம். சோயா 90 ரூபாய்க்கு ஏறினால் இதே தூளின் மதிப்பு 97 ரூபாயைத் தொடும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

செலவுப் பக்கம் பெரியது கூலி. தினமும் 60 கிலோ கழிவு கொண்டுவந்து, நறுக்கி, தண்ணீர் வடித்து, தட்டில் போட்டு, அறுவடை செய்து, காயவைப்பது ஓர் ஆளின் அரைநாள் வேலை. அரைநாளுக்கு 250 ரூபாய் என்றாலும் 40 நாளுக்கு 10,000 ஆகிவிட்டது. வரவும் செலவும் நேர்! தட்டு, ஷெட் செலவு இதில் சேரவில்லை.

அப்படியானால் யாருக்குக் கட்டுப்படியாகும்? கழிவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு. காய்கறி மண்டிக்குப் பக்கத்தில் இருப்பவர், பழக்கூழ் ஆலைக் கழிவு கிடைக்கும் கிருஷ்ணகிரிக்காரர், மரவள்ளித் திப்பி மலிவாகக் கிடைக்கும் சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்துக்காரர். திப்பியில் மாவுச்சத்து மட்டும்தான் என்பதால் கொஞ்சம் தவிடோ காய்கறிக் கழிவோ சேர்க்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டாரே பார்த்துக்கொள்பவருக்கும் நிற்கும். புழு தின்று மிஞ்சிய எரு 600 முதல் 800 கிலோ கிடைக்கும். அதை இன்னும் சில வாரம் மக்கவிட்டுத் தோட்டத்தில் போடலாம். தோட்டமும் கோழியும் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்த எருவே லாபம்.

நாட்டுக்கோழி 50 உருப்படி வைத்திருப்பவருக்குக் கணக்கே வேறு. கோழிக்கு 20 கிராம் பச்சைப் புழு என்றால் தினம் ஒரு கிலோ. அதற்கு 5 கிலோ கழிவு போதும். அரைப்பதும் இல்லை, எண்ணெய் எடுப்பதும் இல்லை. கறிக்கோழியைவிட இவர்களுக்குத்தான் இந்தப் புழு இன்றைய தேதியில் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

எதைத் தின்ற புழு?

புழுவுக்குக் கொடுக்கும் கழிவு பிழிந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும் பதத்தில், 65 முதல் 75 சதவீதம் ஈரத்தோடு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தட்டில் தண்ணீர் நின்று நாறும், புழு சுவரேறி வெளியே ஓடும். 27 முதல் 32 டிகிரி வெப்பம் அதற்குப் பிடித்தது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் வெந்துவிடும். ஓலைக் கூரையும் நல்ல காற்றோட்டமும் போதும். எறும்பு வராமல் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

இறைச்சிக் கடைக் கழிவு, கோழிக் கழிவு, செத்த கோழி ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். புழு தின்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் கிருமி உள்ள கழிவை நீங்களே ஷெட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள். கல்யாண மண்டபக் கழிவிலும் கறியும் எலும்பும் கலந்திருக்கும். ஐரோப்பாவில் சமையலறைக் கழிவை விலக்கி வைத்ததற்கும் காரணம் இந்த மாதிரி பயம்தான். காய், பழம், தவிடு, திப்பி என்று தாவரக் கழிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்மியம் என்ற கன உலோகத்தை இந்தப் புழு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே சாயக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு கலந்த இடத்துக் குப்பை ஆகாது. மக்காச்சோளத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அஃப்ளாடாக்சின் நஞ்சு மட்டும் இதன் உடம்பில் தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அறுவடை செய்த புழுவைச் சரியாகக் காயவைக்காமல் கட்டிவைத்தால் அதிலேயே புதிதாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

அறுவடை செய்த புழுவைச் சலித்து, கழுவி, கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் முக்கி எடுங்கள். புழு உடனே சாகும், மேலே ஒட்டிய கிருமிகள் பெருமளவு ஒழியும், காயும்போது கருக்காது. பச்சையாக நாட்டுக்கோழிக்குக் கொடுப்பதானாலும் இதைச் செய்துவிட்டே கொடுங்கள். பிறகு தார்ப்பாயில் மெலிதாகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு, மூன்று நாள் காயவையுங்கள். கையில் எடுத்து ஒடித்தால் பட்டென்று உடைய வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மூட்டை கட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்த்தி வசதி இல்லாதவர்கள் தூள் வேலையை விட்டுவிட்டுப் பச்சையாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் வீட்டுப் பூச்சி ஒன்று

பூச்சிப் புரதம் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு, உடுமலை என்று பட்டுக்கூடு விளையும் ஊர்கள் நமக்கு இருக்கின்றன. நூற்பாலையில் கூட்டிலிருந்து நூலைச் சுற்றி எடுத்த பிறகு உள்ளே இருக்கும் கூட்டுப்புழு மிஞ்சும். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுத்தால் ஈரமாக 8 கிலோ, காய்ந்தால் 2 கிலோ. எண்ணெய் எடுத்த கூட்டுப்புழுத் தூளில் புரதம் 60 சதவீதத்தைத் தாண்டும், மெத்தியோனினும் அதிகம். சத்துக் கணக்கில் பி.எஸ்.எஃப். புழுவை விட ஒரு படி மேல் என்றே சொல்லலாம்.

இதன் தொல்லை நாற்றம். வெந்நீரில் வெந்த புழு ஒரே நாளில் அழுக ஆரம்பிக்கும். எண்ணெய் எடுக்காமல் கொடுத்தால் அந்த வாடை கறியிலும் ஏறும். ஆலையிலிருந்து எடுத்த அன்றே காயவைத்து, எண்ணெய் பிழிந்து, 5 சதவீதத்துக்குள் கலப்பதானால் நல்ல பொருள். பட்டு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ணைக்காரர்கள், புதிதாக ஈ வளர்க்கக் கிளம்பும் முன் இதை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

முன்பணம் கேட்டால்

பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமு கோழிக்கு என்ன ஆயிற்று என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வாங்குவதற்குச் சந்தையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பி.எஸ்.எஃப். புழுவிலும் 'பெட்டியும் முட்டையும் எங்களிடம் வாங்குங்கள், புழுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். புழுவை வாங்கி எந்தத் தீவன ஆலைக்கு, என்ன விலைக்கு விற்கிறீர்கள்? போன மாதம் எத்தனை டன் விற்றீர்கள், ரசீதைக் காட்ட முடியுமா? நீங்கள் வாங்க மறுத்தால் என் முன்பணம் என்ன ஆகும்? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தப் புழுவை வளர்க்க ஆரம்பத்தில் பத்துப் பிளாஸ்டிக் தட்டும், ஈக்களுக்கு ஒரு கொசுவலைக் கூண்டும் போதும். லட்சக்கணக்கில் முதல் போட ஒன்றுமில்லை. கடன் வாங்கிச் செய்யும் வேலையாக இது இன்னும் ஆகவில்லை.

உங்கள் ஷெட்டிலேயே சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் சின்னதாகப் பார்த்துவிடலாம். முதலில் உங்கள் தூளில் அரைக் கிலோவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கொடுத்து, ஈரம், புரதம், கொழுப்பு, கால்சியம், மணல், அஃப்ளாடாக்சின் பாருங்கள். புரதம் என்று வரும் எண்ணை 6.25-ஆல் வகுத்து 4.76-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடை மருத்துவரிடமோ போய்த் தீவனக் கலவையைத் திருத்தி எழுதி வாங்குங்கள்.

ஷெட்டின் நடுவில் வலை கட்டி, ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் 50-ஐ ஒரு பக்கமும் 50-ஐ மறுபக்கமும் விடுங்கள். ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். 10-ஆம் நாள் வரை இரண்டு பக்கமும் ஒரே தீவனம். அன்று காலை எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் 5 சதவீதப் புழுத்தூள் தீவனத்துக்கு மாறுங்கள். ஒரேயடியாக மாற்றாமல் மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

கொட்டிய தீவனத்தையும் மிச்சத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வாரம் ஒருமுறை காலையில் தீவனம் போடும் முன் எடை எடுங்கள். எச்சம் இளகுகிறதா, லிட்டர் ஈரமாகிறதா, காலைத் தாங்கி நடக்கிற குஞ்சு உண்டா என்று கவனியுங்கள். விற்கும் நாளில் இரண்டு பக்கத் தீவன மாற்றுத் திறனையும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 0.05-க்குள் இருந்து, தீவனச் செலவு குறைந்திருந்தால் அடுத்த பேட்சில் 200 கோழிக்குப் போகலாம். 0.1-க்கு மேல் கெட்டிருந்தால், தூளைக் குறை சொல்வதற்கு முன் அது எந்தக் கழிவில் வளர்ந்தது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று திரும்பிப் பாருங்கள். மிச்சமிருக்கும் தூளை நாட்டுக்கோழிக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம், சிக்கு வாடை இல்லாமல் இருந்தால்.